மருதப்பனின் காலி வட்டங்கள்

மருதப்பனின் ஆட்டம் விழுந்ததற்குக் காரணம் அவன் மனைவி சிவகாமசுந்தரியின் ராசி என்று தீர்ப்புச் சொன்னவள் பூவம்மா. மருதப்பனுக்கு அக்கா. கூடைப்பந்து ஆட்டம் ஒன்றைக்கூட முழுதாகப் பார்த்தவள் இல்லை. ஆனால் தீர்ப்புச் சொல்ல அதெல்லாம் எதற்கு?

"என் தம்பி இறங்குனான்னா கேலாங் அரங்கமே எந்திரிச்சு நிக்கும்லா. சீனவங்களே அவனத் தோள்ல தூக்கிட்டு வருவாங்க. இவ காலடி வச்சா, எல்லாம் போச்சு." பஃபலோ ரோட்டில் உறவுக்காரப் பெண்ணின் வளைகாப்பு. வந்திருந்த அத்தனை பெண்களின் காதிலும் விழும்படி சொன்னாள்.

சுந்தரிக்கு அதுகூடப் பெரிதாகப் படவில்லை. வாசலில் மருதப்பன் நின்றிருந்தான். அவன் காதிலும் விழுந்தது. 'சும்மா இருக்கா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அப்படியானால் இவரும் அதைத்தான் நம்புகிறாரா? அந்த நினைப்புதான் அவளை அறுத்தது.

அவள் தமிழ்ப் பள்ளியில் கணக்கு டீச்சர். ராசியாவது மண்ணாவது, கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது என்று கிளம்பினாள். மருதப்பன் ஆடும் துறைமுகக் குழுவின் ஆட்டங்களுக்கு மேசையில் உட்கார்ந்து புள்ளி குறிப்பவர் அப்துல் மஜீது. ஒரு தாளையும் தூக்கிப் போடாத மனுஷன். அவரிடம் போய்ப் பழைய தாள்களைக் கேட்டாள்.

"எதுக்கு தங்கச்சி இந்தக் குப்பையெல்லாம்?"

"அவரு எந்த வருஷம் உச்சத்துல இருந்தாருன்னு பாக்கணும் பாய்."

"இதுல பாக்க என்ன இருக்கு? ஐம்பத்தாறுன்னு ஊருக்கே தெரியுமே."

ஐம்பத்தாறு, அவள் கழுத்தில் தாலி ஏறுவதற்கு முந்தின வருடம். சுந்தரி தாள்கள் அடைத்த பிஸ்கட் டின்னை வாங்கிக்கொண்டு வந்தாள்.

அறுபத்து மூன்று ஜூன் விடுமுறை முழுக்க அந்தத் தாள்களோடுதான் போயிற்று. மஜீது பாயின் முறை எளிது. ஓடி ஆடும்போது பந்து கூடையில் விழுந்தால் ஒரு கோடு. எதிராளியின் தப்புக்காகக் கோட்டில் நின்று, யாரும் மறிக்காமல் போடும் ஃப்ரீ த்ரோ என்றால் ஒரு வட்டம். பந்து உள்ளே போனால் வட்டத்தை மையால் அடைப்பார், தவறினால் காலியாக விட்டுவிடுவார்.

மொத்தத்தை மட்டும் பார்த்தால் ஐம்பத்தாறுதான் உச்சம். ஆனால் அந்த வருடம் பள்ளிக்கூடப் பையன்களோடும் சொத்தைக் குழுக்களோடும் ஆடிக் குவித்தது எத்தனை! அவற்றை ஒதுக்கினாள். பலமான குழுக்களோடு ஆடியதை மட்டும் எடுத்து, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று வகுத்தாள். விடை வந்தபோது நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். உச்சம் ஐம்பத்தொன்பதும் அறுபதும்! கல்யாணத்துக்குப் பிறகு அவன் ஏறித்தான் இருக்கிறான். ராசியாம் ராசி! பூவம்மா அண்ணியின் முகத்துக்கு நேரே நீட்டுவதற்கென்று நல்ல தாளில் அழகாக எழுதினாள்.

எழுதும்போதுதான் அடுத்த கேள்வி வந்தது. பிறகு எப்படி விழுந்தது?

கோடுகளைப் பார்த்தாள். பெரிதாகக் குறையவே இல்லை. ஓடுவதும் குதிப்பதும் பழைய மருதப்பன்தான். குறைந்ததெல்லாம் வட்டங்களில். முன்பெல்லாம் கறுகறுவென்று அடைத்துக் கிடந்த வட்டங்கள் ஓரிடத்தில் சட்டென்று காலியாகின்றன. அதற்குப் பிறகு காலி, காலி, எப்போதாவது ஒன்று அடைப்பு, மறுபடி காலி. தேதியைப் பார்த்தாள். அறுபத்தொன்று, மார்ச்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

அவர்கள் மகள் தேனு அந்த மார்ச்சில்தான் போனாள். தொண்டை அடைப்பான் வந்து, மூன்று வயது நிறையுமுன் போய்விட்டாள். பிடாடரி இடுகாட்டில் அவளைப் புதைத்த வாரமே மருதப்பன் பனியனை எடுத்துக்கொண்டு ஆட்டத்துக்குப் போனான். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல் நெஞ்சு என்று சுந்தரி அன்று மனதுக்குள் வைத்தது இன்றுவரை அப்படியே இருந்தது. அவள் பிறகு அரங்கத்தில் கால் வைக்கவில்லை. அந்தப் பெயரையும் வீட்டில் யாரும் சொல்லவில்லை.

ஃப்ரீ த்ரோவுக்கு நிற்கும்போது அரங்கம் அடங்கிவிடும். அதுதான் மரியாதை. மருதப்பன் பந்தை மூன்று முறை தரையில் தட்டுவான். அப்போதெல்லாம் அந்த அமைதியில் சுந்தரியின் மடியிலிருந்து தேனுவின் குரல் கிளம்பும்: "போடுப்பா!" மரியாதை தெரியாத வயசு. சீனக் கிழவர்கள்கூடச் சிரிப்பார்கள். மருதப்பன் போடுவான். விழும்.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு அவனிடம் சொல்லாமல் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். இரண்டாம் பாதியில் எதிராளி அவன் கையைத் தட்டிவிட, விசில் ஒலித்தது. மருதப்பன் கோட்டில் போய் நின்றான். அரங்கம் அடங்கியது. மூன்று தட்டு. பிறகு பந்தைப் பிடித்துக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து, சும்மா நின்றான். யாரோ கூப்பிடுவார்கள் என்று நிற்பவனைப் போல.

சுந்தரி வாயைத் திறந்தாள். தேனுவுக்குப் பதில் தான் கூப்பிட்டுவிடலாம் என்றுதான் வந்திருந்தாள். குரல் வரவில்லை. பந்து வளையத்தில் பட்டு வெளியே போயிற்று. மேசையில் மஜீது பாய் ஒரு வட்டம் போட்டு, அப்படியே விட்டார். சுந்தரி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். இரண்டு வருடமாகப் பக்கத்தில் படுத்துக் கிடக்கும் மனிதனை இப்படியா தெரியாமல் இருந்தோம்!

ஆட்டம் முடிந்து வெளியே வந்தவன் அவளைப் பார்த்துத் திகைத்தான். இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.

"அண்ணி அன்னைக்கு அப்படிச் சொன்னப்ப, இவளால இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "இவளால இல்லன்னா, பின்ன எதனாலன்னு கேப்பாங்க. புள்ள பேரச் சொல்லணும். எனக்கு வாயில வரல, சுந்தரி."

வீட்டுக்கு வந்ததும் அழகாக எழுதிய தாளை அடுப்பில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூவம்மா வந்தாள். சனிக்கிழமை ஆட்டத்தில் தோற்ற செய்தி அவளுக்கு எட்டியிருந்தது. தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு ஆரம்பித்தாள். "நேத்தும் போச்சாமே. எல்லாம் வந்தவ ராசி."

மருதப்பன் எழுந்தான். வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினான்.

"ஆமா அண்ணி," என்றாள் சுந்தரி. "என் ராசிதான். அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

பூவம்மாவுக்கே அது புதிதாக இருந்தது. கோப்பையைக் கீழே வைத்தாள். செருப்பில் ஒரு கால் நுழைத்தவன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"இவ ராசி இல்லக்கா," என்றான். "தேனு…"

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. குழந்தையைப் புதைத்த அன்று வராத அழுகை அப்போது வந்தது. சுந்தரி போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.