நாட்டுக் கெண்டைக்கு இருபது நிமிடம்

சேக்காட்டில் தாட்சாயிணி அக்காவின் மீன்குஞ்சுப் பண்ணையில் வேலை செய்கிறேன். அக்காவின் அப்பா காலத்தில் அங்கே ரோகு, கட்லா குஞ்சுகளைப் பொரிக்க வைத்து, ஏரிக் குத்தகைக்காரர்களுக்கு விற்றார்கள். ஏரிக்கரை வரைக்கும் வீடுகள் வந்ததும் அந்த வியாபாரம் நின்றது. அதே தொட்டிகளில் அக்கா கலர் மீன் வளர்த்தார். அதுவும் படுத்துவிட்டது. இப்போது கொசுப்புழு தின்னும் நாட்டுக் கெண்டை. தூர்வாரிய ஏரியில் விடுவதற்காகக் குடியிருப்போர் சங்கத்தார் கேட்டிருந்தார்கள்.

போன மாதம் கொண்டுபோன ஆயிரம் குஞ்சும் விட்ட இடத்திலேயே செத்து மிதந்தன.

"இந்தத் தபாவும் செத்துச்சுன்னா ஷெட்டை குடோனுக்கு உட்டுடுவேன், தீபிகா," என்றார் அக்கா. மோட்டார் ரிப்பேர் என்பதால் அவர் வரவில்லை. ஆக்சிஜன் அடைத்த நான்கு பைகளோடு நான் மட்டும் ஆட்டோவில் போனேன்.

கரையில் பேனர் கட்டியிருந்தார்கள். சங்கச் செயலாளர் ராகேஷ் ஒரு பையின் ரப்பர் பேண்டைக் கழற்றப் போனார். எதிரே நான்கு பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

"ஊத்தாதீங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. பையை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிவிட்டேன்.

"இன்னா பாப்பா, மீனுக்கு நீச்சல் கத்துத் தரப் போறியா?" என்றார் ராகேஷ்.

எல்லோரும் சிரித்தார்கள். காது சுட்டது. பையை அவிழ்க்காமல் அப்படியே மிதக்க விட்டேன்.

"பைத் தண்ணி ஜில்லுனு கீது, அண்ணா. ஏரித் தண்ணி சுடுது. இருபது நிமிஷம் மிதந்தா ரெண்டும் ஒண்ணாகும். டக்குனு ஊத்துனா செத்துடும்."

"போன வாட்டியும் நீதானே வந்த? அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"பயந்துகினு சும்மா நின்னேன். தப்பு என்னுதுதான்."

யாரும் சிரிக்கவில்லை. ராகேஷ் மற்ற மூன்று பைகளையும் ஒவ்வொன்றாக என்னிடம் நீட்டினார். வெயில் ஏறியது. இரண்டு பேர் கிளம்பிப் போனார்கள். நான் நகரவில்லை.

நேரம் ஆனதும் பைகளை அவிழ்த்து, கையால் அள்ளி அள்ளி ஏரித் தண்ணீரை உள்ளே விட்டேன். பிறகு ஒவ்வொன்றாகச் சாய்த்தேன். குஞ்சுகள் பையின் வாயருகே தயங்கின. ஒன்று வெளியே போனது. பின்னாலேயே மொத்தக் கூட்டமும் கோரைப் புல்லுக்குள் நுழைந்துவிட்டது.

இன்னும் அரைமணி நேரம் அங்கேயே நின்று தண்ணீரைப் பார்த்தேன். பிறகு அக்காவுக்குப் போன் செய்தேன்.

"இன்னாடி ஆச்சு?"

"ஒண்ணுகூட மிதக்கலக்கா. நாளைக்கு காலியா கீற மூணாம் தொட்டியையும் கழுவிடறேன், அடுத்த குஞ்சுக்கு."