சுவர் கொடுத்தவர்

சிக்னலில் கேமரா வைக்க நகராட்சிக்காரர்கள் சுவர் கேட்டு அந்த நாற்சந்தியில் அலைந்தார்கள். மருந்துக்கடைக்காரர் கையை விரித்துவிட்டார். சிவப்பு விளக்கில் நிற்காத மாவு மில் முதலாளியின் பகை யாருக்கு வேண்டும்? பூட்டுக்கடைப் பெரியவர் மட்டும், கேட்பதற்கு முன்பே தன் மாடிச் சுவரைக் காட்டினார்.

"நல்லா ஆழமா துளை போடுங்க. புயலே வந்தாலும் அசையக் கூடாது."

அந்தச் சந்தியில்தான் அவருடைய தம்பிக்கு ஒரு கால் போனது. சிவப்பு விளக்கை மதிக்காமல் சீறி வந்த கார், மில் முதலாளியுடையது. கால் போனதைக்கூடப் பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பார். "குடிச்சிட்டு வந்து விழுந்தான்" என்று அந்த ஆள் சலூனில் உட்கார்ந்து சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. பெரியவர் பரம்பரையில் ஒருவர்கூடக் குடியைத் தொட்டதில்லை. பார்த்தவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. சந்தியில் நின்ற காவலருக்கோ அந்தக் காரைக் கண்டாலே கை தானாக நெற்றிக்குப் போகும். கேமராவுக்கு நெற்றியும் இல்லை, பயமும் இல்லை.

முதலாளிக்குப் படத்தோடு அபராதம் வந்தது, சிரித்தார். மறுபடி வந்தது. அடுத்த முறை லைசென்ஸ் ரத்து என்று எச்சரிக்கை வந்ததும் பூட்டுக்கடை வாசலில் காரை நிறுத்தி இறங்கினார்.

"என்ன பெரியவரே, சுவத்துல கண்ணு வளர்க்கிறீங்க?"

"ஊருக்குக் கண்ணு அவிஞ்சு போச்சே. அதான்."

"எல்லாரும் பாக்க நான் சிவப்புல காத்துக் கிடக்கணுமா? சுவர் உங்களோடது. ஒரு வார்த்தை சொன்னா கழட்டிட்டுப் போயிடுவாங்க. என்ன வேணும், கேளுங்க."

"சலூன்ல நீ துப்பின வார்த்தை வேணும். துப்பின இடத்துலயே போய் அள்ளு."

இருவரும் சலூனுக்குப் போனார்கள். சவரக்கத்தி அந்தரத்தில் நின்றது. முகமெல்லாம் நுரையோடு ஒருவர் திரும்பிப் பார்த்தார். முதலாளி முணுமுணுத்தார்.

"அன்னைக்கு இருந்த தொண்டை எங்க போச்சு?" என்றார் பெரியவர்.

"அவன் குடிக்கல! நான்தான் சிவப்புல வந்தேன்! போதுமா?" தெருவுக்கே கேட்டது. "இப்பக் கழட்டச் சொல்லுங்க."

"கழட்டச் சொல்றேன்னு நான் எப்ப சொன்னேன்? இது அந்த வார்த்தைக்கு. காலுக்கு நீ இன்னும் பதில் சொல்லல."

முதலாளியின் முகம் கறுத்தது. காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். எதிரே விளக்கு சிவப்பு. ஆத்திரம் கண்ணை மறைக்க, அப்படியே பறந்தார். மாடிச் சுவரில் பளிச்சென்று ஒரு வெளிச்சம் வெட்டியது. பெரியவர் வெகுகாலத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

லைசென்ஸ் போனபின் முதலாளி மில்லுக்கு நடந்துதான் போகிறார். ஒரு காலையில் சந்தியைக் கடக்க வந்து நின்றார். பக்கத்தில் ஊன்றுகோலோடு தம்பி. நெரிசலைப் பார்த்துத் தம்பி சற்று நகர்ந்து அவருக்கு நிழலில் இடம் விட்டான்.

மாடியிலிருந்து பார்த்த பெரியவர் கைப்பிடிச் சுவரில் எட்டிக் குனிந்தார்.

"நகராதடா!" என்று கத்தினார். "அவன் நிக்கட்டும், வெயில்ல!"