ஆவுடைத்தாய் இறந்த தேதி

வேல்ராஜுக்கு வேண்டியது ஒரே ஒரு தேதி. ஆவுடைத்தாய் என்ற ஐம்பத்து நான்கு வயதுப் பெண் என்றைக்கு இறந்தாள் என்பது.

தென்காசியில் அவன் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், ஐந்து வருடங்களுக்கு முன் மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட அறுபது பேரை ஓர் ஆய்வுக்கு எடுத்திருந்தார்கள். ஆபரேஷன் முடிந்து போனவர்களை அப்படியே விட்டுவிடாமல், மாதம் ஒருமுறை ஒரு நர்ஸ் ஸ்கூட்டரில் வீடு தேடிப்போய்ப் பார்த்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்? அதுதான் கேள்வி. ஐந்து வருட முடிவில் முப்பத்தாறு பேராவது உயிரோடு இருந்தால் நர்ஸ் திட்டம் தொடரும். ஒரு ஆள் குறைந்தாலும் இந்த மாதத்தோடு சரி. நிதி கொடுத்தவர்கள் போட்ட நிபந்தனை அது.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பட்டியலை மூட வேண்டும். இன்று வெள்ளி.

உயிரோடு இருப்பவர்கள் முப்பத்தைந்து. இறந்தவர்கள் இருபத்தைந்து. அதில் இருபத்து நான்கு பேருக்குத் தேதி இருந்தது. இருபத்தேழாம் வரிசையில் இருந்த சத்யபிரியாவின் தேதியை வேல்ராஜே அடித்தான். அவன் மனைவி. முப்பத்தொரு வயது. பதினான்கு மாதம் ஆகிறது. அவள் போன பிறகு, புள்ளியியல் படித்தவன் வீட்டில் சும்மா கிடக்கிறானே என்று டாக்டர் ஸ்ரீவித்யாதான் அவனை இந்த வேலைக்குக் கூப்பிட்டார். வந்தான். வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

"ஒண்ணுல போகுது, வேல்ராஜ்," என்றார் டாக்டர் காலையில். "இல்லாததை இருக்குன்னு எழுத முடியாதுல்ல. தேதியை மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க."

மேலகரத்தில் வீட்டைக் கண்டுபிடித்தபோது மணி பன்னிரண்டு. கதவைத் திறந்தவள் ஆவுடைத்தாயின் நாத்தனார். ஆஸ்பத்திரி என்ற சொல் வாயிலிருந்து விழுந்ததும் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"மெல்லப் பேசும். உள்ள வாரும்."

கதவைச் சாத்திவிட்டுத்தான் மேலே பேசினாள்.

"அவ போய்ச் சேந்து ரெண்டு வருசமாச்சு. முன்ன ஒருத்தர் வந்தப்பவே சொல்லியாச்சுல்லா."

"தேதி மட்டும் வேணும்க்கா."

"தேதியா... ஆடி மாசம்."

"ஆடியில என்னைக்கு?"

"அமாவாசைன்னு வச்சுக்கிடுமே."

வேல்ராஜின் பேனா நின்றது. சுவரைப் பார்த்தான். இரண்டு படங்கள், இரண்டு மாலைகள், நடுவில் ஒரு சிவப்பு விளக்கு. ஒரு கிழவர், ஒரு கிழவி. மூன்றாவது படம் இல்லை.

"அந்தம்மா படம் எங்கக்கா?"

"ஸ்டூடியோவுல குடுத்திருக்கு."

"ரெண்டு வருசமாவா?"

"ஏன்வே, நீரு என்ன போலீசா?"

"இல்லக்கா. என் பொண்டாட்டி போய் பதினாலு மாசமாச்சு. பதினாறாம் நாளுக்கு முன்னயே படம் மாட்டியாச்சு. தூக்கத்துல எழுப்பித் தேதி கேட்டாலும் சொல்லுவேன். மணியும் சொல்லுவேன்."

பஸ் நேரம் சொல்வதுபோலத்தான் சொன்னான். நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுப்படியிலிருந்து ஒரு பெண் வந்தாள். இருபத்து நான்கு வயதிருக்கும். ஆவுடைத்தாயின் மகள் மாரிச்செல்வி.

"போதும் அத்தை. எங்கம்மைய இன்னும் எத்தன ஆளுகிட்ட கொல்லுவிய?"

"ஏட்டி, யாருக்காகச் சொன்னேன்? ஞாயித்துக்கிழம சிவகிரிக்காரங்க ஒன்னயப் பொண்ணு பாக்க வாராங்க. கேன்சரு, மலம் போவ வயித்துல பை ஒட்டியிருக்குன்னு தெரிஞ்சா இந்தப் பக்கம் தலவச்சுப் படுப்பாங்களா? அந்த நர்சு வேற ஆஸ்பத்திரி பேரெழுதின வண்டியில மாசாமாசம் வந்து நின்னா. மூலத்துக்கு ஆபரேசன்னு தெருவுல சொல்லி வச்சிருந்தேன். எத்தன நாளைக்கு மறைக்க?"

அதனால்தான் நர்ஸை வர வேண்டாம் என்றிருக்கிறார்கள். போன் நம்பரை மாற்றியிருக்கிறார்கள். அப்புறமும் ஆஸ்பத்திரி ஆள் ஒருவன் தேடி வரவே, செத்துவிட்டாள் என்ற ஒரே சொல்லில் நாத்தனார் காரியத்தை முடித்துவிட்டாள். அவனும் கேட்டதை அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டான்.

"அம்மா ஐந்தருவியில பழக்கடை போட்டிருக்காவ, அண்ணே," என்றாள் மாரிச்செல்வி. "சீசன் முடியுதவரைக்கும் பகல்ல அங்கனதான். போய்ப் பாருங்க."

போனால் மட்டும் போதாது. ஆளை நேரில் பார்க்க வேண்டும், கேள்விகள் கேட்க வேண்டும், அவள் கையெழுத்துப் போட வேண்டும். வேல்ராஜ் வண்டியை எடுத்தான். குற்றாலத்துக்குள் கார்கள் நெருக்கியடித்து நின்றன. மூன்று கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஐந்தருவிச் சாலையோரம் இருந்த பழக்கடைகளில் ஒவ்வொன்றாகக் கேட்டுப் போனான்.

ஏழாவது கடையில் ஒரு பெண் மங்குஸ்தான் குவியலுக்குப் பின்னால் நின்று மதுரைக்காரர் ஒருவரோடு வாதாடிக்கொண்டிருந்தாள்.

"ஆவுடைத்தாய் அம்மாவா?"

"ஆமா. வெல கொறைக்க மாட்டேன்."

அவன் யாரென்று சொன்னான். ஏன் வந்தானென்று சொன்னான். அவள் தராசைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் செத்து ரெண்டு வருசமாச்சா?"

"பட்டியல்ல அப்படித்தான் இருக்கும்மா."

"எங்க மதினி கொழம்புல உப்பு கூடினாலே ஊரக் கூட்டுவா. என் சாவ மட்டும் சத்தமில்லாம முடிச்சிட்டாளே."

மதுரைக்காரர் பழத்தை வைத்துவிட்டு மெதுவாக நகர்ந்தார்.

வேல்ராஜ் டேப்லெட்டைத் திறந்து கேள்விகளை வாசித்தான். "போன வாரத்துல அன்றாட வேலை செய்யச் சிரமம் இருந்துச்சா? இல்லை, கொஞ்சம், நிறைய."

"மதுரைக்காரன் பேரம்தான் செரமம். அதுக்குக் கட்டம் இருக்கா?"

"இல்லம்மா."

"அப்ப 'இல்லை'ன்னு போடும்."

"பை இருக்குன்னு வெளிய போறதைத் தவிர்க்கிறீங்களா?"

அவள் இடது வயிற்றைச் சேலைக்கு மேலேயே தட்டினாள். "விடியக்காலம் கூட்டம் வாரதுக்கு முன்ன அருவியில நின்னுட்டுத்தான் கடையத் தொறக்கேன். புதுப் பைய ஒட்டிக்கிட்டு, சுத்தியும் பிளாஸ்திரி போட்டா ஒண்ணும் ஆவாது. உங்க நர்சு சொல்லித் தந்ததுதான். பைய இப்ப செங்கோட்டைல போய் வாங்கிக்கிடுதேன்."

கடைசிக் கேள்வியும் முடிந்தது. கையெழுத்துப் போடும் கட்டம் வந்தது. அவள் விரலை நீட்டி, நிறுத்தினாள்.

"இதுல போட்டா அந்த வண்டி திரும்ப வீட்டு வாசல்ல வந்து நிக்குமா?"

"நிக்கும்."

"ஞாயித்துக்கிழம எம்புள்ளயப் பாக்க வாராங்க, தம்பி."

"தெரியும்மா." இவ்வளவு பேசி அவனுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. "நீங்க போடலைன்னா அந்த வண்டி யார் வீட்டுக்கும் போகாது. முப்பத்தாறு பேரு உயிரோட இருக்கணும்னு கணக்கு. முப்பத்தஞ்சு இருக்கு."

"நான் எத்தனாவது?"

"முப்பத்தாறாவது."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு கையைச் சேலையில் அழுந்தத் துடைத்து, திரை கொள்ளாமல் பெரிதாகக் கையெழுத்துப் போட்டாள். போட்ட கையோடு பக்கத்து நேந்திரம் சிப்ஸ் கடைப் பக்கம் திரும்பினாள். எண்ணெய்ச் சட்டி முன்னால் கடைக்காரர் துல்கர்னைன் நின்றிருந்தார்.

"அண்ணாச்சி, இங்கன பாரும். எனக்கு கேன்சர் ஆபரேசன் பண்ணி அஞ்சு வருசம் முடிஞ்சிருக்கு. உமக்குத் தெரியாதுல்லா?"

அவர் கரண்டியை நிறுத்தாமல் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "தெரியாது தாயி. ஓம் வாய்க்குத்தான் வைத்தியம் இல்லன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

நாலு கடையும் சிரித்தது. ஆவுடைத்தாய்தான் அதிகமாகச் சிரித்தாள்.

"சிவகிரிக்காரங்க வரட்டும், தம்பி. நானே பலகாரம் வைக்கேன், நானே சொல்லுதேன். இந்தப் பையோட அஞ்சு வருசம் யாவாரம் பாத்தவ பெத்த புள்ள. இஷ்டம்னா எடுக்கட்டும்."

மணி நாலு பத்து. வேல்ராஜ் டாக்டருக்குப் போன் போட்டான்.

"தேதி கிடைச்சுதா?"

"கிடைக்கலை மேடம். கிடைக்காது. ஆள் இருக்காங்க."

"நேர்ல பார்த்தீங்களா?"

"முன்னாலதான் நிக்கிறேன். கையெழுத்து ஆயிடுச்சு. இப்ப கால் கிலோ பழத்துக்கு ஒருத்தரோட மல்லுக்கு நிக்காங்க."

டாக்டர் "முப்பத்தாறு" என்றார். போனிலிருந்து முகத்தைத் திருப்பி இன்னொரு தடவை, யாருக்கோ, உரக்கச் சொன்னார். தூரத்தில் நர்ஸ் சுல்தான் பீவியின் குரல் கேட்டது: "அப்ப திங்கக்கிழமை நான் வேலைக்கு வரணுமா?" அதன் பிறகு அந்த அறையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

வேல்ராஜ் போனை வைத்துவிட்டு, பட்டியலில் ஆவுடைத்தாய் இருந்த அறுபதாம் வரிசையைத் திறந்தான். 'இறப்பு' என்பதை அழித்தான். 'உயிருடன்' என்று அடித்தான். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து அவன் கை அந்தத் திசையில் மாற்றிய முதல் வரி அது. அருவிக்குப் போகிற கூட்டம் அவனை இடித்துக்கொண்டு போனது. அவன் நகரவில்லை. சரியாக அடித்திருக்கிறோமா என்று எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, அனுப்பினான்.