பனிக்குதிரை பார்க்கும் பக்கம்

மரஅச்சு மலைப்படத்துக்கு அடியில் வைக்கும் அட்டையில் "தொசாவாவிலிருந்து கண்ட கராசுமினே" என்று எழுதச் சொன்னார் ஷிராசு சார். எங்கள் அருங்காட்சியகத்துக்கு அவர்தான் பொறுப்பு. எனக்கு எரிந்தது. கராசுமினே மலைக்கு அந்தப் பக்கம் தொசாவா, பணக்கார வெந்நீர் விடுதிகளின் ஊர். இந்தப் பக்கம் என் ஊர் கிரிகுபோ. எங்களிடம் இருப்பதே மலை ஒன்றுதான். அதையும் அவர்களுக்கே எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

"தொசாவான்னு எப்படி சார் முடிவு பண்ணீங்க?"

"சின்னச் சிகரம் வலது பக்கம் இருக்கு பாரு. உங்க ஊர்லேர்ந்து பார்த்தா இடதுல தெரியும். பட்டம் வாங்கின புள்ளைக்கு வலது இடது தெரியாதா?"

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதைச் சொல்லிக் குத்தாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

ஆனாலும் படத்தை விட்டு நகர மனசில்லை. சிகரத்துக்குக் கீழே வெள்ளையாக ஒரு திட்டு. கழுத்து, பிடரி, கால்கள். வசந்தத்தில் பனி உருகும்போது எங்கள் சரிவில் மிஞ்சுகிற பனிக்குதிரை! அது தெரிந்த பிறகுதான் வயலுக்குத் தண்ணீர் விடுவோம். தொசாவாக்காரன் தலைகீழாக நின்றாலும் அவனுக்குத் தெரியாது. ஆனால் எங்கள் குதிரை இடப்பக்கம் பார்க்கும். இது வலப்பக்கம் பார்க்கிறது.

"அச்சுல மலை திரும்பிடுச்சு சார்."

"அப்போ ஓவியர் கையெழுத்தும் திரும்பியிருக்கணுமேம்மா?"

சிரித்தபடி டீ குடிக்கப் போய்விட்டார். நியாயமான கேள்விதான். பலகையில் திருப்பிச் செதுக்கினால்தான் தாளில் நேராக விழும். பெயர் மட்டும் எப்படி நேராக விழுந்தது?

புத்தாண்டு வாழ்த்துக்கு நானே அச்சு செதுக்குவேன். எழுத்தைக் கவனமாகத் திருப்புவேன். அந்தந்த ஆண்டுக்குரிய விலங்கு என்று போடும் முயலையும் ஆட்டையும் யார் திருப்பினார்கள்? இந்த ஓவியரும் தானே வரைந்து தானே செதுக்கியவர். எதிரே தெரிந்த மலையை அப்படியே பலகையில் வெட்டியிருக்கிறார்.

ஓடிப்போய்க் கைக்கண்ணாடியைக் கொண்டுவந்து படத்துக்கு நேரே பிடித்தேன். டீ குடித்துவிட்டு வந்த ஷிராசு சார் குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தார்.

"குதிரைதான்..." என்று முனகினார். "சரி, உங்க ஊர் பேரையே போடு. தப்பா செதுக்கினதை எழுதாதே. அவர் மானம் போயிடும்."

"என்ன மானம் சார்? எங்க ஊர் வரப்புல உக்காந்து செதுக்கியிருக்கான் மனுஷன். அதுக்கு அந்தத் தப்புதானே சாட்சி!"

எழுதி நீட்டினேன்: "கிரிகுபோவிலிருந்து கண்ட கராசுமினே. மலையைத் திருப்ப மறந்துவிட்டான்."

வாசித்துவிட்டு அட்டையை என்னிடமே திருப்பி நீட்டினார்.

"'மறந்துவிட்டார்'னாவது போடும்மா."