ஜூன் இருபத்தொன்பது

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் டேட்டா வேர்ஹவுஸ் கட்டும் வேலை ஜானட்டின் தலையில் விழுந்தது. கட்டுவது என்றால் செங்கல், சிமென்ட் இல்லை. கேட் மெஷினில் ஒன்று, கிரேன் பிரிவின் எக்செலில் ஒன்று, ஆபீஸின் பழைய கம்ப்யூட்டரில் ஒன்று என்று சிதறிக் கிடந்த பட்டியல்களை ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும். முதலில் ஆட்கள், பெட்டிகள் அப்புறம் என்று மேனேஜர் அபின் சொல்லிவிட்டார்.

மூன்று இடத்திலும் இருக்கும் ஒருவனை எப்படி ஒருவனாக்குவது? பெயர், தெரு, பிறந்த தேதி ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று ஜானட் விதி எழுதினாள். கச்சிதமாக ஓடியது. அபின் கேக் வெட்டினார். அந்தச் சூட்டோடு பழைய கம்ப்யூட்டரில் இருந்ததையும் அழித்துவிட்டார்கள். அப்படி என்ன அவசரமோ.

மறுவாரம், பதினைந்து வருடம் முடித்த கான்ட்ராக்ட் ஆட்களை நிரந்தரமாக்கும் பட்டியல் டேட்டா வேர்ஹவுஸிலிருந்தே வந்தது. இருபத்திரண்டு வருடம் பெட்டிகளோடு மாரடித்த ஜானட்டின் தாய்மாமன் மேத்யூ அதில் இல்லை. தேடினாள். 'ஏ. மேத்யூ, இறப்பு' என்றிருந்தது. போன வருடம் இறந்தது, மாமாவின் ராயபுரம் தெருவிலிருந்தே யார்டு வேலைக்கு வந்த இன்னொரு ஏ. மேத்யூ.

இருவரும் பள்ளியில் ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டவர்கள். இருவருக்கும் பிறந்த தேதி ஒரே வருடத்து ஜூன் 29. பிறந்த நாள் தெரியாத பிள்ளைகளுக்கு அன்று வரும் ராயப்பர் என்ற புனித பேதுருவின் திருநாளை எழுதிவைப்பது அந்தத் தெருவில் வழக்கம். ஜானட்டின் அம்மாவுக்கும் அதே தேதிதான். வருடா வருடம் அம்மாவுக்குப் புடவை வாங்கிக் கொடுத்தவளுக்கு விதி எழுதும்போது மட்டும் அது ஞாபகம் வரவில்லை. தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அபினிடம் ஓடினாள்.

"லிஸ்ட் ஹெட் ஆபீஸுக்குப் போயாச்சு. ஒண்ணு தப்புன்னா மொத்தமும் தப்பான்னு கேப்பாங்க," என்றார் அவர்.

"ஆள் உயிரோட இருக்காரே சார்."

"இருக்காரு. அந்த இருபத்திரண்டு வருஷம் எந்த மேத்யூவோடதுன்னு எதை வெச்சுச் சொல்றது?"

சொல்லக்கூடியது, யார் எப்போது சேர்ந்தார் என்ற கணக்கு இருந்த அந்தப் பழைய கம்ப்யூட்டர் மட்டும்தான்.

சாயங்காலம் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். 

"அப்போ நான் பூட்டேன்னு சொல்லு," என்று சிரித்தார். "உன் வேலைக்கு ஒண்ணும் பேஜாரு இல்லியே?"

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாளிலிருந்து யார்டின் கேட்டும் புதிய பட்டியலைப் பார்த்தே திறந்தது. மாமா பாஸை வைத்தார். சிவப்பு விளக்கு. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். சிவப்பு. பின்னால் வரிசை முணுமுணுத்தது. அவர் ஒதுங்கி நின்று ஜானட்டுக்கு வழிவிட்டார்.

"நீ போம்மா. டைம் ஆய்கினு கீது."

அவள் பாஸுக்குப் பச்சை எரிந்தது.