ஒழுகாத குழாய்

டெல்லிக் குளிரில் துணி துவைத்துத் துவைத்துக் காமாக்ஷியின் விரல்களெல்லாம் வெடித்துக் கிடந்தன. ரசஞ்சாதம் பிசைந்தால் உயிர் போகும். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அவள் அண்ணா, வெளிநாட்டுத் தூதரக வேலை முடிந்து திரும்பியபோது, தன் வாஷிங் மெஷினை ஜனக்புரியில் அவள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். "உன் கைக்காகத்தாண்டி கொண்டுவந்தேன்" என்றார்.

மெஷினுக்குத் தண்ணீர் விடும் வால்வு அதற்கு நேர் மேலே சுவரில் இருந்தது. திறந்தால் போதும், கைப்பிடிக்கு அடியிலிருந்து கசிந்து மெஷின் தலையில் சொட்டும். "கரண்ட் அடிச்சு வைக்கப் போறது. பிளம்பர் வரட்டும்" என்று ஆத்துக்காரர் பட்டாபி ப்ளக்கைப் பிடுங்கிவிட்டார். கூப்பிட்டால்தானே பிளம்பர் வருவான்? பட்டாபி ஒன்றும் கொடுமைக்காரப் புருஷன் இல்லை, வெறும் சோம்பேறி. இரண்டுக்கும் வித்தியாசம் பார்க்கத் துணி துவைக்கிறவளுக்கு நேரம் இல்லை.

கொலுவுக்குக் கரோல் பாகிலிருந்து அவருடைய அக்கா மீனாக்ஷி வந்தாள். பெண் வனஜாவுக்குத் தையில் கல்யாணம். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவள் கண் சாமான்கள் மேல்தான் மேயும். மெஷினைச் சுற்றி வந்து, தானே வால்வைத் திருகிப் பார்த்தாள். சொட்டியது. உதட்டைப் பிதுக்கினாள்.

"இந்த ஒழுகலைக் கட்டிண்டு யார் மாரடிப்பா? உனக்கே இருக்கட்டும், காமாக்ஷி."

அண்ணா ஆசையாய்க் கொடுத்ததை இப்படிச் சொல்லிவிட்டாளே என்று காமாக்ஷிக்குச் சுருக்கென்றது.

மார்கழியில் விரல் வெடிப்பில் ரத்தம் கண்டது. இனி யாரை நம்பி? மார்க்கெட் ஹார்ட்வேர் கடைக்காரனிடம், "பையா, கைப்பிடிக்கிட்ட தண்ணி லீக்" என்று தனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டாள். நட்டைக் கழற்று, உள்ளே நூலைச் சுற்று, இறுக்கு என்று சொல்லிச் சணல் நூலும் கொஞ்சம் கிரீஸும் பொட்டலம் கட்டிக் கொடுத்தான். மொட்டைமாடித் தொட்டிக் குழாயை மூடிவிட்டு, பட்டாபியின் ஸ்கூட்டர் ஸ்பானரால் நட்டைக் கழற்றினாள். மக்கிப்போன பழைய நூலை ஊக்கால் நோண்டி எடுத்து, புது நூலில் கிரீஸ் தடவிக் கைப்பிடித் தண்டைச் சுற்றி, நட்டை இறுக்கினாள். திறந்தாள். சொட்டவில்லை. அன்று மெஷின் துவைக்கத் துவைக்க, கையை மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். கல்யாணமாகி வந்து இந்த வீட்டில் அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முடியுமோ? ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வைக்க வந்த நாத்தனாரைக் குளியலறைக்கே இழுத்துக்கொண்டு போனாள்.

"பாருங்கோ அக்கா, ஒரு சொட்டு கிடையாது. நானே பண்ணினேன்."

மீனாக்ஷி வால்வைச் சுற்றி விரலை ஓட்டினாள். உலர்ந்த விரலைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"பேஷ்" என்றார் பட்டாபி. "சம்பந்தியாத்துக்கு என்ன செய்யறதுன்னு அக்கா தவிச்சிண்டிருந்தா. வனஜாவுக்கு இதையே குடுத்துடலாம். உனக்கென்ன, பழகின கை."

"ஏன்னா, அது எங்கண்ணா எனக்குக் குடுத்தது."

"உனக்குக் குடுத்தா இந்தாத்துக்குக் குடுத்த மாதிரிதானே?"

மீனாக்ஷி அவள் நெற்றியில் குங்குமம் இட்டு, பத்திரிகையைக் கையில் கொடுத்தாள்.

மறுவாரம் டெம்போ வந்தது. படியில் இடிபடாமல் இறக்கச் சொல்லிக் கூலிக்காரர்களோடு பட்டாபி இறங்கினார். அக்கறை, கரிசனம் எல்லாம் அன்றைக்குத்தான் அவருக்கு வந்தது. பாதிப் படியிலிருந்து, "காமு, வால்வை இறுக்கி மூடு, ஒழுகப் போறது" என்று குரல் கொடுத்தார்.

அவள் குளியலறைக்குப் போனாள். மெஷின் இருந்த இடம் வெறிச்சென்று கிடந்தது. வால்வுக்கடியில் பக்கெட்டை வைத்துத் திறந்து, அவருடைய சட்டைகளைப் போட்டாள். பச்சைத் தண்ணீர் வெடிப்புகளில் ஏறியது. கைப்பிடிக்கு அடியில் தடவிப் பார்த்தாள். துளி ஈரம் இல்லை.

"பாவி, நீயாவது கொஞ்சம் ஒழுகியிருக்கக் கூடாதா" என்று அந்த வால்வைப் பார்த்துத்தான் அவள் அழுதாள்.