எலுமிச்சை மணந்த தொட்டி

அந்த வீட்டு மாமியார் குளியலறை கழுவுவதை ஒரே ஒரு கரப்பான்பூச்சி நேரில் பார்த்ததாகவும், அதன் வம்சமே பிறகு அந்த மாடிப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை என்றும் குடியிருப்பில் பேச்சு. எறும்பு வந்தால் வாசலில் ஆறு காலையும் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வரும். இதில் மிகை ஒன்றுமில்லை. மிதியடியில் தடம் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட வீட்டு மருமகன் தினமும் வேலைக்குக் கிளம்பும்போது இரண்டு சட்டை எடுத்துக்கொள்வார். ஒன்று போட்டுக்கொள்ள, இன்னொன்று வீடு திரும்புமுன் மாற்றிக்கொள்ள. பையின் அடியில் ஒரு சென்ட் பாட்டிலும் இருக்கும்.

"மாப்பிள்ளை, ஒரு நாளைக்கு உங்க ஆபீஸைக் காட்டுங்களேன். தண்ணி ஆபீசர் தண்ணி ஆபீசர்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். ஒரு மேஜை நாற்காலியையாவது கண்ணால பாக்க வேணாமா?" என்றார் மாமியார்.

"வெளி ஆளுங்கள உள்ள விட மாட்டாங்க அத்தை. ரொம்பப் பாதுகாப்பு."

அடுப்படியில் மனைவி சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டாள். அந்த ஆபீசுக்குப் போகத் தெருவில்கூட இறங்க வேண்டாம். லிப்டில் ஏறிக் கடைசிப் பொத்தானை அழுத்தினால் போதும். குடியிருப்பின் கழிவுநீர் முழுதும் வந்து விழும் நிலத்தடிக் கூடம் அது. அங்கே அவர்தான் பொறியாளர். குடியிருப்பில் அவருக்கு 'மோட்டார் சார்' என்று பெயர். தண்ணீரை மேலே ஏற்றுவது அவர் பொறுப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். இறங்குகிற தண்ணீரும் அவர் பொறுப்பே என்பது யாருக்கும் தோன்றியதில்லை. இறங்கிப் போன தண்ணீரை யார் நினைக்கிறார்கள்?

மாமியார் அதற்குள் போனில் தன் சின்ன மகளைப் பிடித்துவிட்டார். "ஜன்னலைத் தொறந்தா நாத்தம்னா என்னடி அர்த்தம்? நீ சரியாக் கழுவலைன்னு அர்த்தம்! புள்ளை ராத்திரியெல்லாம் இருமுதுன்னு சொல்றே. போன தடவை அனுப்பின கழுவுற பாட்டிலெல்லாம் என்ன ஆச்சு?"

மருமகன் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். அந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியும். குடியிருப்பின் பழைய தொட்டியில் கழிவு தெளியாது. தினமும் டேங்கர் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. ஒருநாள் அவர் ஸ்கூட்டரில் பின்னாலேயே போய்ப் பார்த்தார். சின்னவள் குடியிருக்கும் வாய்க்கால் தெருவுக்குப் பின்னால் ஒரு குளம். லாரி அங்கே நின்று, குழாயைத் திறந்துவிட்டு, வெட்கமே இல்லாமல் ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பியது. அன்று அவர் வீட்டில் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் புதுத் தொட்டி வைக்கச் சொல்லிக் குடியிருப்புச் சங்கத்தில் மன்றாடி, மணிகளை வளர்க்க ஆரம்பித்தார்.

மணி என்றால் கழுத்தில் போடுகிற மணி அல்ல. கழிவுநீரில் வாழும் நுண்ணுயிர்கள் கூட்டம் கூட்டமாகக் கைகோத்து, கடுகு அளவுக்குத் திரண்ட உருண்டைகள். சாதாரணக் கசடு பஞ்சுபோல மிதந்து அடம்பிடிக்கும். இவை தண்ணீரைக் கலக்குவதை நிறுத்தியதும் சடசடவென்று அடியில் போய் உட்காரும். மேலே தெளிந்த நீர் நிற்கும். காற்று பிடித்தவர்கள் உருண்டையின் வெளியே, காற்று ஆகாதவர்கள் உள்ளே என்று ஒரே வீட்டில் பாகம் பிரித்துக்கொண்டு, ஆளுக்கொரு அழுக்கைத் தின்பார்கள். சண்டை சச்சரவு கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் அவை மேலே குடியிருந்தவர்களைவிட மேல்.

அவற்றை வளர்ப்பது லேசு இல்லை. மொத்தத் தீனியையும் ஒரே வேளையாகக் கொடுத்துவிட்டு, பிறகு பசியில் விடவேண்டும். சீக்கிரம் படியாமல் மிதக்கும் சோம்பேறிகளை நீரோடு வெளியேற்றிவிட வேண்டும். மழைக்காலம் முழுக்க அவர் இதே வேலையாக இருந்தார். அவர் காலடிச் சத்தம் கேட்டதும் மணிகள் தொட்டியோரம் வந்து கூடும் என்று காவலாளி சொல்லிக்கொண்டு திரிந்தான். அவர் அதை மறுக்கவும் இல்லை.

இப்போது அவை பருவத்துக்கு வந்துவிட்டன. கழிவுநீரைச் சோதிக்கும் அரசு ஆய்வதிகாரி மறுநாள் மதியம் வரப்போகிறார். நீர் தேறினால் லாரி நின்றுவிடும். தேறாவிட்டால் லாரி ஓடும், குளம் நாறும், குழந்தை இருமும்.

அன்று அவர் குடியிருப்பின் போன் குழுவுக்கு ஒரு செய்தி எழுத உட்கார்ந்தார். 'நம் கீழ்த்தளத் தொட்டியில் உயிருள்ள கிருமிகள் வேலை செய்கின்றன. தயவுசெய்து நாளை மதியம்வரை யாரும் ஆசிட், பிளீச்சிங் பவுடர் ஊற்ற வேண்டாம்' என்று எழுதினார். படித்துப் பார்த்தார். இதை அனுப்பினால் மாமியார் போனிலும் வந்து விழும். தண்ணி ஆபீசரின் மேஜை, நாற்காலி, மரியாதை எல்லாம் ஒரே வரியில் போய்விடும். அழித்தார். வேறொன்று எழுதினார்:

'நாளை மதியம் அதிகாரி வருகிறார். அனைவரும் தூய்மைக்கு ஒத்துழைக்கவும்.'

அனுப்பிவிட்டு நிம்மதியாக மூச்சுவிட்டார். பாவம், அந்த வரியைப் படிக்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்று அவர் யோசிக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் குடியிருப்பே இடுப்பில் சேலையையும் லுங்கியையும் வரிந்து கட்டிக்கொண்டது. இவ்வளவு ஒத்துழைப்பை அந்தச் சங்கம் அதன் வரலாற்றில் பார்த்ததில்லை. முனைக் கடையில் கழுவும் பாட்டில்கள் தீர்ந்தன. கடைக்காரர் கல்லாவைத் துடைக்க வைத்திருந்த பாட்டிலையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். எலுமிச்சை மணத்தில் பக்கத்துத் தெரு நாய் தும்மல் நிற்காமல் ஊரைவிட்டே போனது. மாமியார் தலைமை தாங்கினார்.

"மாப்பிள்ளை, அந்த நீலப் பாட்டிலை எடுங்க. அதுல பாதி போதாது, முழுசா ஊத்துங்க. அதிகாரி வர்றாரில்ல!"

காலையிலிருந்தே போனில் சங்கச் செயலாளரின் பாராட்டு மழையில் நனைந்துகொண்டிருந்த மருமகன், வேறு எங்கோ நினைவாக, பாட்டிலை முழுசாகவே ஊற்றினார். தண்ணீர் சுழித்து இறங்கும் சத்தம் கேட்டபிறகுதான் அவருக்கு உறைத்தது. அது எங்கே இறங்குகிறது என்று அந்தக் கட்டடத்தில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

லிப்டுக்குக் காத்திராமல் படியில் ஓடினார். கீழே தொட்டியில் நுரை பூத்திருந்தது. கூடம் முழுக்க எலுமிச்சை வாசம். ஒரு கண்ணாடிக் குடுவையில் நீரை அள்ளி வெளிச்சத்தில் பிடித்தார். மணிகள் இல்லை. கலங்கிய பால்போல ஏதோ ஒன்று, மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நின்றது.

மதியம் அதிகாரி அம்மா வந்தார். கூடவே செயலாளர், அவர் பின்னால் பாதிக் குடியிருப்பு. "வெளி ஆளுங்கள விட மாட்டாங்க" என்ற பாதுகாப்பெல்லாம் அன்று செல்லுபடியாகவில்லை. மாமியாரும் வந்துவிட்டார்.

"எப்படி மணக்குது பாருங்க மேடம்!" என்றார் செயலாளர்.

"அதான் பயமா இருக்கு" என்றார் அதிகாரி. "இங்க மழை பேஞ்ச மண்ணு வாசம்தான் வரணும். எலுமிச்சை வந்தா உள்ள சாவு விழுந்திருக்குன்னு அர்த்தம்." குடுவையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "தேறாது. வேற வழியில்ல, லாரியவே கூப்பிடுங்க."

"நாங்க சுத்தம்தானே பண்ணோம்? அதுக்கா தண்டனை?" என்று செயலாளர் குரலை உயர்த்தினார். "மோட்டார் சார், நீங்கதானே செய்தி போட்டீங்க?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். சென்ட் பாட்டில் மாடியில் இருந்தது, கையில் இருந்தாலும் உதவியிருக்காது.

"நான்தான் போட்டேன்" என்றார். "பாதியை எழுதி, பாதியை முழுங்கிட்டேன். இந்தத் தொட்டியில நான் வளத்தது கிருமிங்க. நாம கழிச்சு விடுறதைத் தின்னு தண்ணியத் தெளிய வைக்குற கிருமி. காலையில நாம எல்லாரும் சேந்து அதைக் கொன்னுட்டோம். நானும் ஒரு பாட்டில் ஊத்தினேன்." மாமியார் பக்கம் திரும்பினார். "அத்தை, நான் தண்ணி ஆபீசர்தான். ஆனா இந்தத் தண்ணிக்கு. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "இத்தனை நாளா இந்தக் கையாலதான் சோறு சாப்பிட்டீங்களா?"

அதற்குள் லாரி வந்து சேர்ந்தது. ஓட்டுநர் குழாயை இழுத்துக்கொண்டு இறங்கினார். பேரக்குழந்தையின் இருமலைப் போனில் கேட்டுக் கேட்டுப் பழகிய மாமியாருக்கு ஏனோ அப்போது கேட்கத் தோன்றியது.

"ஏம்ப்பா, இதை எங்க கொண்டுபோய் ஊத்துவே?"

"எங்கம்மா ஊத்துறது? அந்த வாய்க்கால் தெருவுக்குப் பின்னாடி ஒரு குளம் இருக்குல்ல, அங்கதான். ஜன்னல்ல நின்னு ஒரு பொண்ணு தினம் திட்டும். கைக்குழந்தைய வச்சுக்கிட்டு."

முந்தானை மூக்கிலிருந்து மெதுவாக இறங்கியது. மாமியார் மருமகனைப் பார்த்தார். "உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியும் அத்தை. அதுக்காகத்தான் இதை வளத்தேன்."

"அவளைப் போய் நான்..." என்றார் மாமியார். பாட்டில் அனுப்பிய கையையே பார்த்துக்கொண்டு நின்றார். சுற்றி நின்ற எல்லோரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். ஆளுக்கொரு பாட்டில் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

பிறகு மாமியார் அதிகாரியிடம் திரும்பினார். "அம்மா, எல்லாமே செத்துப்போச்சா?"

அதிகாரி சட்டையின் கையை மடித்துக்கொண்டு தொட்டியின் அடியிலிருந்து ஒரு குவளை அள்ளச் சொன்னார். கலங்கலுக்கு நடுவே, தோல் உரிந்த நிலையில், ஒரு கைப்பிடி மணிகள் அடியில் உட்கார்ந்திருந்தன. உள்ளே இருந்தவர்களை வெளியே இருந்தவர்கள் காப்பாற்றிவிட்டுச் செத்திருந்தார்கள். "இது போதும், விதைக்கு. பொறுமையா வளத்தா திரும்ப வரும். ஒரு தவணை தர்றேன்" என்றார்.

அன்று மாமியார் சின்னவளுக்குப் போன் செய்தார். திட்டுவதற்கு அல்ல. என்ன பேசினார் என்று தெரியாது. முடித்ததும் முகத்தைக் கழுவினார், வெறும் தண்ணீரால்.

அடுத்த நாளிலிருந்து குடியிருப்பில் புது அதிகாரம் தொடங்கியது. கதவு கதவாக ஏறி இறங்கி, ஆசிட் பாட்டில்களைப் பறிமுதல் செய்தது வேறு யாரும் இல்லை. "கை வலிக்கத் தேச்சுக் கழுவு. உன் சோம்பேறித்தனத்துக்கு என் மாப்பிள்ளை வளக்குற உசிரு சாகணுமா?" என்ற குரல் எட்டு மாடிக்கும் கேட்டது. காலையில் கீழே இறங்கி வந்து, மிதக்கிற கசடைப் பார்த்து, "என்ன மிதப்பு? உக்காரு கீழே!" என்று அதட்டுவார். மணிகள் மளமளவென்று படிந்தது அதனால்தான் என்று காவலாளி சத்தியம் செய்கிறான்.

அதிகாரி மறுமுறை வந்தபோது கூடத்தில் மழை பெய்த மண் வாசம் மட்டும் இருந்தது. குடுவையைக் கீழே வைப்பதற்குள் நீர் தெளிந்தது. லாரி நின்றது. சில வாரம் கழித்துச் சின்னவள், ஜன்னலைத் திறந்துவைத்தே குழந்தையைத் தூங்கவைத்ததாகப் போனில் சொன்னாள்.

அன்று வாசலில் செருப்பை விட்ட உறவுக்காரர் ஒருவர், "மாப்பிள்ளை தண்ணி ஆபீசராமே, எந்த ஆபீஸ்?" என்று கேட்டார். மருமகன் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்.

"கீழ்த்தளத்துல கிருமி வளக்குறார். மூக்கைச் சுளிக்காதீங்க. நானும் சுளிச்சவதான். நம்ம வீடு மணக்கணும்னு அழுக்கை அடுத்தவங்க வாசல்ல தள்ளுறதுக்கு நாம வச்ச பேரு சுத்தம். இனிமே அந்தப் பேரு செல்லாது. நாம ஊத்துற ஒவ்வொரு சொட்டும் எங்க போய் நிக்குதுன்னு கேட்டுட்டு ஊத்துறாங்களே, அவங்கதான் சுத்தக்காரங்க. வாங்க, லிப்ட்ல கடைசிப் பொத்தான்தான். காட்டுறேன்."

மருமகன் சட்டை மாற்றாமலே பின்னால் போனார்.